குளிர்காலத்தில் பிள்ளைகளோடு வெளியே போய் என்னதான் செய்வது?

அரைத்தூக்கம்:
பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு மூன்று. குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு திரை. நான் வேலை முடிந்து வரும்போது நன்றாக இருட்டிவிடுகிறது. மிச்சம் சனி ஞாயிறுதான், அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாக யோசனைகள் வருகின்றன, எல்லாவற்றிலும் பசை, மினுக்குத்தூள், வண்ணக் காகிதம். அதையெல்லாம் எடுத்து வைத்து, செய்து, பெருக்கி முடிப்பதற்குள் எனக்கே எரிச்சல் வந்துவிடுகிறது.

உண்மையான கவலை வேறு. பெரியவள் கொஞ்ச நாளாக என்னிடம் எதையும் சொல்வதில்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல", யாரோடு விளையாடினாய் என்றால் "தெரியல". வெளியே கூட்டிக்கொண்டு போனால் கொஞ்சம் ஒட்டுவாளோ என்று தோன்றுகிறது. ஆனால் போய் என்ன செய்வது? பத்து நிமிடத்தில் இரண்டும் "வீட்டுக்குப் போலாம்" என்று நச்சரிக்கின்றன. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி:
பத்து நிமிடம் போதுமே, அதை ஏன் குறைவாக நினைக்கிறீர்கள்? மூன்று பிள்ளைகளை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெளியே போய் எதையும் செய்யாதீர்கள். திட்டம் போட்டுக்கொண்டு போனால் திட்டம் நடக்கிறதா என்பதிலேயே நம் கண் இருக்கும், பிள்ளை மேல் இருக்காது. தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். குப்பையைப் போட்டுவிட்டு வரும் சாக்கில் ஒரு சுற்று கூடுதலாக நடங்கள். தினமும் முடிந்தால் தினமும், இல்லாவிட்டால் முடிகிற அன்று.

அப்புறம், கேள்வி கேட்காதீர்கள். எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் அது அவர்களுக்கு விசாரணை. பக்கத்தில் நடக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, கைக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, பேசாமல் வந்தாலும் தப்பாகத் தெரியாது. என் நடுப்பெண் ஒரு காலையில் கையுறையைக் கழற்றிவிட்டு, கம்பிவேலியில் படிந்திருந்த உறைபனியை நகத்தால் கீறிக்கொண்டே வந்தாள். ஒரு கம்பி விடாமல். கீறியதும் வெள்ளையாகச் சுருண்டு நகக்கண்ணில் ஏறும், அதை உதறிவிட்டு அடுத்த கம்பி. எனக்கோ வேலைக்கு நேரமாகிறது, விரல் விறைத்துப் போகுமே என்ற கவலை வேறு. பாதி வேலி முடிந்தபோது, தலையைத் திருப்பாமல், "இப்பல்லாம் அவ என் பக்கத்துல உட்கார்றதே இல்லப்பா" என்றாள். நான் "ம்" என்றேன், அவ்வளவுதான். இன்னும் நாலு கம்பி போனதும் மீதிக் கதையும் வந்தது. யார் அவள், எப்போதிலிருந்து, டீச்சரிடம் சொன்னாயா என்று நான் பாய்ந்திருந்தால் வேலிக்கு முன்னாலேயே பேச்சு முடிந்திருக்கும்.

போனை வீட்டில் வைத்துவிட முடிந்தால் வைத்துவிடுங்கள். ஒரு போட்டோ எடுத்தால் போதும், "இன்னொரு தடவை அப்படிச் செய்" என்று நாமே ஆரம்பித்துவிடுவோம்.

கணக்குப்பிள்ளை:
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிரில் கூட்டிக்கொண்டு அலைந்தால் சளி பிடிக்கும், ஒருவருக்குப் பிடித்தால் வீடு முழுக்கப் பிடிக்கும், நான் லீவு போட வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதவைத் திறந்தாலே "பிள்ளைக்கு ஊதல் அடிக்குது" என்கிறார்கள். வெளியே போவதால் நல்லது என்பதற்கு "மனசுக்கு இதமாக இருக்கும்" என்பதைத் தாண்டி உருப்படியாக ஏதாவது ஆதாரம் இருக்கிறதா? எனக்கு எண் வேண்டும்.

நைட்ஷிஃப்ட்:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சளிக்கு வைரஸ் வேண்டும், வெறும் குளிரால் வராது. சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல் இருக்கின்றன. குளிர்ந்த வறண்ட காற்று அவற்றுக்குக் கொஞ்சம் சாதகம் என்பது உண்மைதான், ஆனால் ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிப்பது அதைவிடப் பெரிய சாதகம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் விஷயம் தனி. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம், அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மூடுபனியோடு புகையும் சேர்ந்து தரையோடு தரையாகத் தங்கும் காலைகளில் எந்தப் பிள்ளையையும் கூட்டிப் போகாதீர்கள், வெயில் ஏறட்டும்.

கணக்குப்பிள்ளைக்கு எண்: சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள், முடிவு 2015 இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தக் குழுவில் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த குழுவில் 39.5 சதவீதம். வெளிச்சம்தான் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ், வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான் தரும், மேகம் மூடிய பகலிலும் வெளியே பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். "வெயிலே இல்லையே, எதற்குப் போக வேண்டும்" என்று நினைக்காதீர்கள்.

உடை. குழந்தைகளின் எடைக்கு உடம்பின் மேற்பரப்பு அதிகம், அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூடு இழக்கிறார்கள். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். மெல்லிய கம்பளியோ விளையாட்டு உடைத் துணியோ உள்ளே, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஒன்று. கைக்குழந்தைக்கு நாம் போடுவதைவிட ஓர் அடுக்கு கூட. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட விரல்கள் சேர்ந்தே இருக்கும் கையுறை சூடு. ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும் இடத்துக்கு நீளமான மஃப்ளர் கூடாது, எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். காரில் ஏறியதும் பெரிய ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் சீட் பெல்ட் போட வேண்டும், உப்பலான துணிக்கு மேலே போட்டால் பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், இருக்காது.

கடுங்குளிர் ஊர்க்காரர்களுக்கு: காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28 டிகிரிக்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் அரை மணிக்குள் உறைந்துவிடலாம். அன்று ஜன்னல் வழியாகப் பாருங்கள், போதும்.

கணக்குப்பிள்ளை:
சரி, எண் கிடைத்தது. வாயை மூடிக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு.

குட்டிப்பூதம்:
மூன்று வயதுக்காரனுக்கு சாக்ஸ், பூட்ஸ், ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லாய், கையுறை எல்லாம் மாட்டி முடித்ததும் "உச்சா" என்பான். இதற்கு யாராவது ஆதாரத்தோடு தீர்வு சொல்லுங்கள்.

நடைவண்டி:
ஹாஹா, தீர்வு கிடையாது. முதலில் பாத்ரூம், பிறகு சாக்ஸ், அதுவும் எப்போதும் பலிக்காது.

ஆனால் ஒன்று. உடை மாட்டும் அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்தே வெளியே போவதாகக் கணக்கில் வையுங்கள். நாம்தான் அதைத் தடையாக நினைத்து "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறோம். சின்னவனுக்கு ஒரு கையுறையை அவனே போட்டுக்கொள்ள விடுங்கள், எந்தக் கை என்றாலும் பரவாயில்லை. நாம் முதலில் போட்டுக்கொண்டு நின்றால் நமக்கு வியர்த்துக் கோபம்தான் வரும், அதனால் பெரியவர்கள் கடைசியில் போட்டுக்கொள்வது நல்லது. வெளியே போய் மூன்று வயதுக்காரன் படியில் உட்கார்ந்து ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறினால் அவன் வெளியே போய்விட்டான் என்று அர்த்தம், அதற்கு மேல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. அவன் வேகத்தில் நடந்தால் நமக்குத்தான் குளிரும், நாம்தான் நன்றாகப் போர்த்திக்கொண்டு போக வேண்டும்.

இருட்டுவாசி:
இருட்டிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் குளிர்காலத்தின் பெரிய லாபமே. கோடையில் நட்சத்திரம் பார்க்கப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். இப்போது சாப்பாட்டுக்கு முன்பே வானம் தயார்.

வடகோளத்தில் இருப்பவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை முன்னிரவில் பாருங்கள், வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும், ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. நகர வெளிச்சத்திலும் தெரியும். அதற்கு ஒரு பக்கம் செம்மஞ்சளாகத் திருவாதிரை, மறுபக்கம் நீல வெள்ளையாக ரைஜல். நட்சத்திரங்களுக்கும் நிறம் உண்டு என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்றின் கோட்டைக் கீழ்ப்பக்கம் நீட்டினால் சிரியஸ், இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. மேல்பக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், வீட்டில் ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போடுவீர்கள், அந்தச் சண்டை வாரக்கணக்கில் ஓடும்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் இருக்கும். மற்ற எரிகல் பொழிவுகள் பலவற்றுக்கு விடியற்காலையில் எழ வேண்டும், இது முன்னிரவிலேயே தொடங்கிவிடும், பிள்ளைகளுக்கு ஏற்றது. நிலா பெரிதாக இல்லாத ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது. கீழே தடிமனாக ஏதாவது விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரை மணி வரை ஆகும், அதற்குள் யாராவது போனை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

தாமதமணி:
இருட்டுவாசி கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இப்படித்தான் வெளியே போவது இன்னொரு வகுப்பாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் என் கணவர் இந்த ரகம். எந்தக் குருவியைப் பார்த்தாலும் அதன் பெயர், குடும்பம், எங்கிருந்து வந்தது என்று தொடங்கிவிடுவார். பிள்ளை நைசாக நழுவி என் பக்கம் வந்துவிடும். நடைவண்டி சொன்னதுதான் சரி, வாயை மூடிக்கொண்டு கூட நடக்க வேண்டும்.

இருட்டுவாசி:
நழுவினால் நிறுத்திக்கொள்ள வேண்டும், அது சரி. ஆனால் பிள்ளையே கேட்டால்? ஒரு தடவை "சூரியன் நம்மை விட்டுத் தள்ளிப் போறதாலதானே குளிருது?" என்று என் தங்கை மகன் கேட்டான். உண்மையில் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, ஜூலையில் இருப்பதைவிட ஏறத்தாழ 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில். அதைச் சொன்னதும் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "அப்ப ஏன் குளிருது மாமா, நீங்க பொய் சொல்றீங்க." அங்கேயே டார்ச்சை அவன் உள்ளங்கையில் நேராக அடித்தேன், பிறகு சாய்த்து அடித்தேன். நேராக அடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்று. சாய்த்தால் அதே வெளிச்சம் நீளமாகப் பரவி மங்கிவிடும். பூமி 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் குளிர்காலத்தில் நமக்குக் கிடைப்பது இந்தச் சாய்ந்த வெளிச்சம், பகலும் சின்னது. அவனே டார்ச்சைப் பிடுங்கி என் முகத்தில் அடித்துப் பார்த்தான். இதை வகுப்பு என்பீர்களா? கேட்காதபோது கொட்டினால்தான் வகுப்பு.

தாமதமணி:
கேட்ட பிறகு சொல்வது பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. "நீங்க பொய் சொல்றீங்க" என்று சொல்லும் அளவுக்கு உரிமை இருக்கிறதே, அதற்கு எத்தனை நாள் அவனோடு சும்மா நடந்திருப்பீர்கள், அதை எழுதவில்லையே நீங்கள்.

என் கதை வேறு, பையனுக்குப் பதினான்கு வயது. "வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்றால் ஏதோ திட்டப் போகிறேன் என்று நினைக்கிறான். அதனால் அப்படிக் கூப்பிடுவதே இல்லை. "இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வரியா" என்பேன். வேலை என்றால் வருகிறான், துணை என்றால் வரமாட்டான். போகும்போது காதில் ஹெட்ஃபோன் இருக்கும், நான் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பும்போது பெரும்பாலும் ஒரு காது கழன்றிருக்கும். இரவு நேரம் இந்த வயதுக்கு நன்றாக ஒத்துப்போகிறது, முகம் தெரியாது, தெருவில் ஆள் குறைவு, கூட்டாளிகள் பார்த்துவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. நண்பர்கள் இருக்கும் இடத்தில் அம்மாவோடு நடப்பது அவனுக்கு மானப் பிரச்சினை, அதைப் போய்ப் பெரிதுபடுத்தக்கூடாது.

மூன்றாம்மாடி:
எனக்கு முழங்கால் பிரச்சினை, குளிரில் படி இறங்க முடியாது, பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வெளி என்றால் பால்கனிதான். அதையும் சொல்லலாமா?

தாராளமாகச் செய்கிறோம். ராத்திரி உறையும் குளிர் என்றால் ஓர் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அவள் பொறுக்கி வந்த இலை, கொட்டை, ஒரு நூல் எல்லாவற்றையும் போட்டு வெளியே வைப்போம். காலையில் கவிழ்த்தால் கண்ணாடி மாதிரி வட்டமாக வரும், நூலைப் பிடித்துக் கம்பியில் தொங்கவிடுவாள். நடுவில் மட்டும் ஏன் வெள்ளையாக, குமிழியாக இருக்கிறது என்று பார்த்தால், உறைவது வெளியிலிருந்து உள்ளே வருகிறது, கரைந்திருந்த காற்று போக வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "மூச்சு". உறையாத அளவு மிதமான குளிர் என்றால் கம்பியில் இருக்கும் சிலந்தி வலையைப் பார்ப்போம், காலைப் பனித்துளி கோத்திருக்கும், சாதாரண நாளில் அங்கே வலை இருப்பதே தெரியாது.

பனி கொட்டும் நாளில் என் கறுப்புச் சால்வையை முன்கூட்டியே வெளியே போட்டுக் குளிர வைத்துவிடுவேன், சூடான துணி என்றால் விழுந்ததும் கரைந்துவிடும். அதில் விழும் துகள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பல உடைந்திருக்கும், முழுதாகக் கிடைப்பது ஆறு கைகளோடு இருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் கோத்துக்கொள்ளும், அதனால் ஆறு. வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி, அம்மா கொடுத்த மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி 1885 இல் பனித்துகளைப் படம் எடுத்தார், வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தாராம். பேத்திக்கு அவரைப் பற்றிச் சொன்னபோது, "அவர் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கிட்டு இருந்திருப்பார், இல்ல பாட்டி?" என்றாள். அவள் தும்மி நாங்கள் எத்தனை துகளைக் கரைத்திருக்கிறோம்!

குட்டிப்பூதம்:
பாட்டி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஃபிரீசரில் கிண்ணம் வைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் உறையாது.

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன். குப்பை போடப் போகும் யோசனையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டோம். பெரியவள் பள்ளியைப் பற்றி இன்னும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வழியில் இலை உதிர்ந்த மரம் ஒன்று இருக்கிறது, தாழ்ந்த கிளையில் அரும்புகள். ஒன்றைக் கிள்ளி நகத்தால் உரித்துப் பார்த்தாள், செதில் செதிலாகக் கழன்று, உள்ளே பட்டாணி முளையைவிடச் சின்னதாக ஒரு பச்சை இலை, மடித்து வைத்தபடி. "குளிர்ல எப்படிம்மா முளைச்சது?" நான் அப்புறம் தேடிப் படித்துச் சொன்னேன், அது போன கோடையிலேயே உருவாகிவிட்டது, இப்போது காத்திருக்கிறது என்று. இப்போது தினமும் அந்த மரத்தைத் தாண்டும்போது நின்று ஒரு கிளையைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறாள், கிள்ளுவதில்லை. நேற்று அவளே "அம்மா, குப்பை இருக்கா?" என்று கேட்டாள். குப்பை இல்லை. போனோம்.

இரண்டு சந்தேகம். சின்னவன் கீழே கிடக்கும் பனியை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான், ஆபத்தா? பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது, மேலே உறைந்திருக்கிறது, பெரியவள் அதில் ஏறி நடக்க வேண்டும் என்று அடம்.

நடைவண்டி:
குப்பை இல்லாமலே போனீர்களே, அப்புறம் என்ன.

நைட்ஷிஃப்ட்:
புதிதாக விழுந்த, வெள்ளையான பனியை ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது. சாலையோரம் ஒதுக்கிக் குவித்தது, உப்பு தூவியது, நிறம் மாறியது, நாய் போகும் இடம், இவை கூடாது. தடுக்க முடியாவிட்டால் இதுதான் சுத்தம் என்று ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள், அங்கே போய்த் தின்னட்டும்.

குளம் வேண்டாம். தெளிவான கெட்டிப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம் என்பார்கள், ஆனால் ஒரே குளத்தில் ஓர் இடம் தடிமனாகவும் இரண்டடி தள்ளி மெல்லியதாகவும் இருக்கும், மேலே பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பொறுப்பானவர்கள் அளந்து அனுமதித்த இடமாக இல்லாவிட்டால் கரையிலேயே நில்லுங்கள். அவளுக்கு வேண்டியது சத்தம்தான் என்றால் கரையிலிருந்து சின்னக் கல்லை உறைந்த பரப்பின் மேல் சறுக்கிவிடச் சொல்லுங்கள். கிறீச்சென்று பறவை கத்துவது போல வரும், அதற்கே அரை மணி போய்விடும். மாற்றுக் கையுறை ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள், கல் பொறுக்கினால் கட்டாயம் நனையும்.